பேசாத பேரம்

முன்னொரு காலத்தில் கடலோரமாக ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் கீர்த்திமாறர் என்ற மன்னர். தங்கமானவர். வரியை ஏற்ற மாட்டார், அண்டை நாட்டோடு வம்புக்குப் போக மாட்டார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். பேரம்.

மற்ற மன்னர்கள் குடிகளின் குறை கேட்க மாறுவேடம் போடுவார்கள். கீர்த்திமாறர் கத்தரிக்காய்க்குப் பேரம் பேச மாறுவேடம் போடுவார். தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். வந்திருப்பது யாரென்று கடைக்காரர்களுக்கெல்லாம் தெரியும். தெரியாதது போலவே இருப்பார்கள். இரண்டு காசுச் சரக்குக்கு நாலு காசு சொல்லி, மூச்சு வாங்க வாதாடி, கடைசியில் "உங்ககிட்ட ஜெயிக்க முடியுமாய்யா, எடுத்துட்டுப் போங்க" என்று இரண்டு காசுக்கே கொடுத்துவிடுவார்கள். மன்னர் கத்தரிக்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கோட்டையைப் பிடித்தவர் போல அரண்மனைக்குத் திரும்புவார்.

அந்த அவையில் மாசிலாமணி என்றொரு விகடர் இருந்தார். மெலிந்த உடம்பு, பெரிய காது. யார் எதைச் சொன்னாலும் சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னவரையே மடக்குவது அவர் வழக்கம். மன்னருக்கு அவர் பக்கத்தில் இல்லாவிட்டால் சோறு இறங்காது.

சுங்க அதிகாரி ஏகாம்பரநாதருக்கு அது பிடிக்கவில்லை. அவர் நேர்மையான மனிதர்தான். ஒரு மூட்டைக்கு இவ்வளவு சுங்கம் என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். யார் அழுதாலும் குறைக்க மாட்டார், யார் நீட்டினாலும் வாங்க மாட்டார். ஆனால் அவர் வாயைத் திறந்தாலே மன்னர் கொட்டாவி விடுவார். அதே மன்னர் மாசிலாமணி தும்மினாலும் சிரிப்பார். இத்தனை வருஷம் உழைத்தது கொட்டாவிக்குத்தானா என்று ஏகாம்பரநாதர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில் நாட்டுக்கு ஒரு கஷ்டம் வந்தது. கடற்கொள்ளையருக்குப் பயந்து இரண்டு வருஷமாகத் துறைமுகத்துக்கு ஒரு கப்பலும் வரவில்லை. அந்த நாட்டின் பிழைப்பே துணிதான். நெய்த துணி கட்டுக்கட்டாகக் கிடங்கில் கிடந்தது. நெசவாளர் தெருவில் இரண்டு வேளை உலை வைத்த வீடுகள் ஒரு வேளை வைத்தன. சிலர் தறியை விற்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பனிக்கரை என்ற தூரதேசத்திலிருந்து ஒரு கப்பல் வந்து நின்றது. கொள்ளையரை ஏமாற்றிவிட்டு வேறு வழியாகச் சுற்றி வந்திருந்தது. அதன் தலைவர் தோர்வின் என்ற வியாபாரி. செம்பட்டைத் தாடி, நெடிய உருவம். பல துறைமுகங்களில் திரிந்து தமிழும் கற்றிருந்தார். சொற்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். சொல்லுக்குப் பின்னால் நாம் வைத்திருப்பதுதான் தெரியாது.

மன்னர் முதலில் அவருக்கு விருந்து வைத்தார். தலைவாழை இலை போட்டுப் பரிமாறினார்கள். தோர்வின் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். இலை காலியானதும் பரிமாறுகிறவர்கள் மறுபடி சோற்றை வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார். மறுபடி வைத்தார்கள். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது, கண் பிதுங்கியது. ஆனாலும் கை நிற்கவில்லை.

"இந்த ஒருத்தர் பசிக்கே நம் களஞ்சியம் காணாது போலிருக்கிறது" என்று ஏகாம்பரநாதர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

மாசிலாமணி அந்த வியர்வையைப் பார்த்தார். மெல்ல எழுந்து போய்த் தோர்வினின் இலையை மேலிருந்து கீழாக மடித்துவிட்டார். பரிமாறுகிறவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். தோர்வின் ஒரு பெருமூச்சு விட்டார். பனிக்கரையில் தட்டில் மிச்சம் வைத்தால் விருந்து கொடுத்தவரை அவமதித்ததாக அர்த்தமாம். நம் நாட்டில் காலி இலை என்றால் இன்னும் போடு என்று அர்த்தம். மாசிலாமணி வந்து மடித்திராவிட்டால் அந்த மனிதர் மரியாதைக்காகவே உயிரை விட்டிருப்பார். அன்றிலிருந்து மாசிலாமணியிடம் அவருக்குத் தனிப் பிரியம் உண்டாயிற்று.

மறுநாள் வியாபாரப் பேச்சு. அவையே கூடியிருந்தது. நெசவாளர்கள் தங்களுக்குக் கட்டுக்கு நான்கு வெள்ளிப் பாளம் கிடைத்தால் போதும் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். தோர்வின் ஒரு துணியை எடுத்து விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"மிக நல்ல துணி" என்றார்.

மன்னருக்கு அப்போதே சற்றுச் சப்பென்றாயிற்று. வாங்க வந்தவர் சரக்கைப் பழிக்க வேண்டாமா? நூல் தடிப்பு, சாயம் நிற்காது என்று ஏதாவது சொல்ல வேண்டாமா? போகட்டும் என்று விட்டுவிட்டார். தோர்வின் விலை கேட்டார்.

"கட்டுக்கு எட்டுப் பாளம்" என்றார் மன்னர். சொல்லிவிட்டுச் சிம்மாசனத்தின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார். இனிமேல்தான் அவருக்கு விருந்து. வந்தவர் நெஞ்சில் அடித்துக்கொள்வார், இரண்டு என்பார், தாம் ஏழு என்று இறங்க, அவர் எழுந்து வாசல்வரை போக, திரும்பக் கூப்பிட்டு... இப்படி நாள் முழுவதும் ஓடும் என்று மன்னர் மனக்கணக்குப் போட்டிருந்தார்.

தோர்வின் துணியை ஒழுங்காக மடித்து வைத்தார். "மன்னரே, நன்றி. அது எனக்கு இயலாத விலை" என்று குனிந்து வணங்கினார். எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

மன்னர் புன்னகையோடு காத்திருந்தார். வாசல் அருகே போனதும் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தார். தோர்வின் வாசலைத் தாண்டினார். முற்றத்தைத் தாண்டினார். துறைமுகத்துக்கே போய்விட்டார்.

மன்னரின் முகம் சின்னக் குழந்தையின் முகம் போல விழுந்துவிட்டது. "ஒரு வார்த்தை கேட்கவில்லையே, மாசிலாமணி" என்றார்.

மாசிலாமணி கப்பலுக்கு ஓடினார். தோர்வினும் அங்கே மனம் நொந்துதான் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு நல்ல துணியை விட்டுவிட்டு வெறுங்கப்பலோடு போக அவருக்கு மட்டும் ஆசையா? ஆனால் அவர் நாட்டு வழக்கம் வேறு. அங்கே விற்பவர் ஒரு விலை சொல்வார், ஒரே தடவை சொல்வார். வாங்குபவர் சரி என்பார், அல்லது வணங்கிவிட்டுப் போவார். குறைத்துக் கேட்டால், நீ பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும்.

"ஒரு மன்னரை, அவர் அவையில் வைத்து, அவர் சோற்றைத் தின்றுவிட்டு, பொய்யர் என்று நான் எப்படிச் சொல்வேன்?" என்று கேட்டார் தோர்வின்.

மன்னரே இறங்கி வந்து குறைத்துச் சொன்னால் ஆகாதா என்று மாசிலாமணி கேட்டார். அது இன்னும் மோசம் என்றார் தோர்வின். குறைக்க முடிகிற விலையை முதலில் கூட்டிச் சொன்னவருக்குத் திருடர் என்று பெயராம். திருடரிடம் வாங்கியவன் ஊருக்குப் போனால் யாரும் அவனோடு வியாபாரம் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். இன்னும் மூன்று நாளில் காற்று திரும்பும், அதற்குமேல் தங்க முடியாது என்றும் சொன்னார்.

மாசிலாமணி அரண்மனைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மன்னர் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான் குறைத்தால் அவருக்குத் திருடன். போனவரைத் துரத்திப் போய்க் குறைத்தால் நம் ஊருக்கு நான் பிச்சைக்காரன். நல்ல வியாபாரம்."

அப்போது ஏகாம்பரநாதர் முன்னால் வந்தார். மாசிலாமணியை ஒழிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"மகாராஜா, தங்கள் திருவாய் சொன்ன எட்டு, அந்த வாயாலேயே குறையக் கூடாது. அந்நியர் தம் வாயால் குறைத்துக் கேட்கவும் மாட்டார். ஆனாலும் பேரம் நடக்க வேண்டும், தங்கள் மனம் குளிர வேண்டும், சரக்கும் கப்பலேற வேண்டும். இந்த நாட்டில் மாசிலாமணியைவிடப் புத்திசாலி இல்லை என்கிறார்கள். மூன்று நாளில் முடித்துக் காட்டட்டும். முடியாவிட்டால் இனி இந்த அரண்மனை வாசலை மிதிக்க வேண்டாம்" என்றார்.

விளையாட்டு கெட்டுப்போன கோபத்தில் இருந்த மன்னர், "சரி, அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஏகாம்பரநாதர் அதற்குள் ஓலையில் எழுதி முத்திரைக்கு நீட்டிவிட்டார்.

மாசிலாமணிக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நெசவாளர் தெரு வழியாக நடந்தார். எப்போதும் தறிச் சத்தத்தில் காது அடைத்துப்போகும் தெரு அது. இப்போது காக்கை கத்துவது கேட்டது. நெசவாளர் தலைவர் சடையப்பர் தம் தறியைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நாளு போனா விறகு வெலைக்குக்கூட போவாது சாமி" என்றார் சடையப்பர். "கட்டுக்கு நாலு கெடைச்சாப் போதும், தெருவே பொழைச்சுக்கும். எட்டு யாரு கேட்டா?"

இன்னும் இரண்டு நாள் பொறுக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு மாசிலாமணி நடந்தார். எப்படி முடிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. தம்மை வாசலை மிதிக்க வேண்டாம் என்றால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம், இந்தத் தெருவை என்ன செய்வது என்று யோசித்தபடி மறுநாளும் சுற்றினார். தலையைக் குனிந்துகொண்டே போனவர் மாட்டுச் சந்தைக்குள் நுழைந்தது கூடத் தெரியாமல், அங்கே நின்றிருந்த இரண்டு பேர் மேல் மோதிவிட்டார்.

ஒருவர் தரகர், மற்றவர் காளை வாங்க வந்த குடியானவர். இருவர் கையும் ஒரு துண்டுக்குள் மறைந்திருந்தது. தரகருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ணு தெரியலையாய்யா? வெல பேசிக்கிட்டு இருக்கோம், நடுவுல வந்து விழறியே."

"நீங்கள் எங்கே பேசினீர்கள்? ஒரு சத்தமும் கேட்கவில்லையே" என்றார் மாசிலாமணி, வேறு நினைவாகவே.

"வாயாலயாய்யா மாட்டுக்கு வெல பேசுவாங்க? வெரலைப் புடிச்சுத்தான் பேசுவாங்க. ரெண்டு வெரலு புடிச்சா ரெண்டு, மூணு புடிச்சா மூணு. அஞ்சுக்கு மேல போனா மறுபடி புடிப்போம். என்ன புடிச்சோம்னு எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும், சுத்தி நிக்கிறவனுக்குத் தெரியாது."

மாசிலாமணி அப்படியே நின்றார். பிறகு தரகரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்து ஓடினார். "வெயில் தலைக்கு ஏறிடுச்சு" என்று தரகர் குடியானவரிடம் வருத்தப்பட்டார்.

கப்பலில் தோர்வினைப் பிடித்து உட்கார வைத்து, பனிக்கரையில் வியாபாரம் முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கை குலுக்குவோம் என்றார் அவர்.

"குலுக்கும்போது விரல் அழுந்தினால், அது சொன்ன சொல் ஆகுமா?"

தோர்வின் தாடியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். தம் நாட்டுச் சட்டங்களையெல்லாம் மனத்துக்குள் புரட்டிப் பார்த்திருப்பார். "விரலுக்கு நாக்கு இல்லை. அது சொல் ஆகாது" என்றார்.

"எங்கள் நாட்டிலும் கை குலுக்குவோம், ஐயா. கொஞ்சம் நீளமாகக் குலுக்குவோம், அவ்வளவுதான்" என்று சொல்லி, துண்டுக்குள் நடப்பதை மாசிலாமணி விளக்கினார்.

தோர்வின் ஒன்று மட்டும் சொன்னார். தம்மால் தர முடிந்த எண்ணை ஒரு தடவை அழுத்துவாராம், அதை மாற்ற மாட்டாராம். விரலானாலும் தம் விரல் அல்லவா என்றார்.

"மாற்றவே வேண்டாம். பிடித்த பிடியில் இருங்கள். ஆனால் மன்னர் விடும்வரை கையை மட்டும் உருவிவிடாதீர்கள்" என்றார் மாசிலாமணி.

மூன்றாம் நாள் அவை கூடியது. மாசிலாமணி தோர்வினை அழைத்து வந்து மன்னருக்கு எதிரே உட்காரவைத்தார். தோளில் இருந்த துண்டை உதறி விரித்தார். கையை நீட்டும்படி இருவரையும் கேட்டுக்கொண்டார். மன்னருக்குச் சட்டென்று விஷயம் விளங்கிவிட்டது. அந்த மாட்டுச் சந்தையில் மாறுவேடத்தில் மாடே வாங்காமல் எத்தனையோ முறை துண்டுக்குள் கை விட்டவர் அவர். ஆவலோடு கையை நீட்டினார்.

"நிறுத்துங்கள்" என்றார் ஏகாம்பரநாதர். அவர் கையில் பழைய சட்டச் சுவடி இருந்தது. "மன்னரின் திருக்கரத்தை அந்நியர் தொடுவதை எவர் கண்ணும் காணலாகாது. முன்னோர் வகுத்த சட்டம். மாசிலாமணி அதை மீறப் பார்க்கிறார்."

மன்னர் நீட்டிய கையை அரை மனதாக இழுத்துக்கொண்டார். மாசிலாமணி ஏகாம்பரநாதரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பெரியவர் இன்னொரு முறை படிக்க வேண்டும்."

அவர் படித்தார்.

"தொடலாகாது என்று சட்டம் சொல்லவில்லை. காணலாகாது என்றுதான் சொல்கிறது. அதற்காகத்தானே துண்டு?" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி துண்டைப் போர்த்தினார். "இப்போது யார் கண்ணாவது எதையாவது கண்டால் சொல்லுங்கள்."

யார் கண்ணுக்கும் துண்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஏகாம்பரநாதர் சுவடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து எழுதியபடியேதான் இருந்தது. எழுதிய சொல்லை மீறிப் பேசுவது அவரால் முடியாத காரியம். சுவடியை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

துண்டுக்குள் பேரம் தொடங்கியது. மன்னரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு புருவம் ஏறியது. உதடு பிதுங்கியது. அநியாயம் என்பது போலக் கூரையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். துண்டு குலுங்கியது, நின்றது, மறுபடி குலுங்கியது. எதிரே தோர்வின் மலை மாதிரி அசையாமல் இருந்தார். சாமரம் வீசுகிறவர்கள் வீச மறந்து நின்றார்கள். ஒரு நாழிகை ஆயிற்று. மன்னருக்கு வியர்த்து, முகம் சிவந்து, கண் பளபளத்தது. கடைசியில் பெரிதாக மூச்சு விட்டு, "சரி" என்றார்.

"சரி" என்றார் தோர்வினும்.

அந்தப் பேரத்தில் இரண்டு வாயும் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

தோர்வின் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு மிகவும் பணிவாக, "மன்னரே, எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகிறது. என் மனைவிகூட என் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை" என்றார்.

மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவையும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மன்னரே உண்மையைச் சொல்லிவிட்டார். தோர்வின் முதல் பிடியிலேயே நான்கு விரலை அழுத்தினாராம். மன்னர் மனத்திலும் நான்குதான் இருந்தது. ஆனால் முதல் பிடியிலேயே ஒத்துக்கொண்டால் அது பேரமா? அதனால் ஏழுக்குப் போனார், ஐந்துக்கு வந்தார், கோபித்துக்கொண்டு மறுபடி ஆறுக்கு ஏறினார். அந்தப் பக்கம் நான்கு விரல் மட்டும் நகரவே இல்லை. "இப்படி ஒரு ஆளோடு நான் மல்லுக்கட்டியதே இல்லை" என்றார் மன்னர், பெருமையாக.

அன்றைக்கே சடையப்பருக்குச் செய்தி போயிற்று. கிடங்கைத் திறந்தார்கள். வண்டி வண்டியாகத் துணி துறைமுகத்துக்குப் போனது.

மன்னர் சரிகை போட்ட பட்டுப் போர்வை ஒன்றை மாசிலாமணிக்குத் தம் கையால் போர்த்தினார். வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே ஏகாம்பரநாதர் பக்கம் திரும்பியபோது மன்னர் முகம் கடுத்தது. ஏகாம்பரநாதர் எழுந்து நின்றார். தமக்கு வருவதை வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு விண்ணப்பம், மகாராஜா" என்றார் மாசிலாமணி. "வருஷாவருஷம் துணி வேண்டுமாம் தோர்வினுக்கு. பனிக்கரையிலேயே தங்கி நம் சரக்குக்கு விலை சொல்ல நம் ஆள் ஒருவர் வேண்டும் என்கிறார். அந்த வேலைக்கு ஏகாம்பரநாதரை அனுப்புங்கள்."

ஏகாம்பரநாதர் நிமிர்ந்தார். "நாடு கடத்துகிறாயா?" என்றார்.

"இல்லை, பெரியவரே. இந்த நாட்டில் ஒரு விலை சொன்னால் மாற்றாதவர் நீங்கள் ஒருவர்தான். இங்கே அதைப் பிடிவாதம் என்கிறோம், கொட்டாவி விடுகிறோம். அவர்கள் ஊரில் அதற்கு நாணயம் என்று பெயர்."

ஏகாம்பரநாதர் இது கேலியா என்று மாசிலாமணியின் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். கேலி இல்லை. அதற்குள் தோர்வின், சொன்ன சொல் மாற்றாத மனிதர் இவர்தானா என்று கேட்டுக்கொண்டே வந்து, மன்னருக்கு வணங்கியதைவிட ஒரு சாண் அதிகமாகவே அவர் முன் குனிந்து வணங்கினார். வாழ்நாளில் யாரும் தம்மை அப்படி வணங்கி ஏகாம்பரநாதர் பார்த்ததில்லை. மன்னருக்குக் கடுகடுப்பெல்லாம் பறந்துவிட்டது. போகச் சம்மதமா என்று கேட்டார். ஏகாம்பரநாதர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்மதம் என்றார். அந்தச் சொல்லையும் அவர் மாற்றவில்லை.

காற்று திரும்பியது. மன்னரும் அவையினரும் வழியனுப்ப வந்திருந்தார்கள். கப்பலேறும் பலகைமேல் கால் வைத்த ஏகாம்பரநாதர் இறங்கி வந்து, மாசிலாமணியைத் தனியே கூப்பிட்டார்.

"அங்கே ரொம்பக் குளிருமாமே?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

மாசிலாமணி தோளிலிருந்த பட்டுப் போர்வையை எடுத்து, அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டார். கப்பல் நகர்ந்து கண்ணுக்கு எட்டும்வரை அந்தச் சரிகை வெயிலில் மின்னிக்கொண்டே போயிற்று.

"நான் கொடுத்த பரிசு கப்பலேறிப் போகிறதே, மாசிலாமணி" என்று மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். அரண்மனைக்குப் போனதும் முதல் வேலையாக அவருக்கு இன்னொரு போர்வை கொடுத்தார். இந்த முறை நல்ல கனமான கம்பளிப் போர்வை. நம் ஊர் வெயிலில் மாசிலாமணி அதை ஒருநாளும் போர்த்த முடியவில்லை. ஆனாலும் பத்திரமாக வைத்திருந்தார்.